ஃப்ரீசருக்குப் போன தம்பூரா

“பல்லுல ஓட்டை வுழுந்தா ஆளையே தூக்கி ஏரில போடுவியா சித்தப்பா?”

பத்மினி இதைக் கேட்டது புரட்டாசி முதல் சனிக்கிழமை, ஆந்திராவின் விஜயபுரம் மண்டலத்தில் தான் பிறந்த காலனியின் பஜனைக் கோயில் வாசலில், இருபது பேர் முன்னிலையில். கேள்விக்கு ஆளானவர் மாசிலாமணி, அவளுடைய அப்பாவின் தம்பி, பஜனைக் குழுவின் தலைவர். அவர் தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

ஏரியில் போடவிருந்தது ஒரு தம்பூராவை. வருடத்தில் பதினோரு மாதம் கோயில் மூலையில் தொங்கும். புரட்டாசியில் இறங்கி வரும். அன்று காலை சுருதி சேர்க்க முறுக்காணியைத் திருகியபோது, குடத்தின் அடியிலிருந்து பொலபொலவென்று மாவு கொட்டியது. திருப்பிப் பார்த்தால் குங்குமத்துக்கும் சந்தனத்துக்கும் நடுவே ஊசி குத்தியது போல் ஓட்டைகள். குடம் உளுத்துப் போயிருந்தது. குழு உடனே கூடி உடனே முடிவெடுத்தது. பின்னப்பட்ட சிலையை வைத்துக் கும்பிடக்கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தம்பூராவும் வருடாவருடம் பூசை வாங்கிய பொருள்தானே? நாலாவது சனிக்கிழமை, பஜனை முடிந்ததும் ஏரிக்கு எடுத்துப் போய்விடலாம். சுருதிக்கு ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் மின்சாரப் பெட்டி உபயம் செய்கிறார். பெட்டி வந்தும்விட்டது. அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் அவர் பெயர்.

அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் பத்மினிக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

ஒரு காலத்தில் அந்தக் காலனிக்கு என்று தனி பஜனை கிடையாது. ஊர்த்தெரு பஜனை போகும்போது இருபது அடி பின்னால் நடந்து ‘கோவிந்தா’ சொல்லலாம், அவ்வளவுதான். நிலப் பட்டா கைக்கு வந்து, முதல் வேர்க்கடலை அறுவடை முடிந்ததும், ஏழு குடும்பம் சேர்ந்து வாங்கிய முதல் பொதுச் சொத்து இந்தத் தம்பூரா. சந்திரகிரியில் ஒரு சங்கீதக்காரர் வீட்டில் வாங்கியது; அப்போதே அது பழசு. பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு ஆள் டிக்கெட் கிழித்தார் என்று ஏகாம்பரம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் பத்மினியின் அப்பா, அவள் வாயில் நைனா. இறந்து நான்கு வருடம். தம்பூரா வந்த அடுத்த புரட்டாசியில் காலனி பஜனை முன்னால் போனது. பின்னால் யாரும் இல்லை.

“அந்த ஆளு பேர் போட்ட பொட்டி முன்னால நின்னு கோவிந்தா சொல்றதுக்கு, பழையபடி இருவதடி பின்னாலயே நடந்துகினு இருந்திருக்கலாமே! இன்னாத்துக்கு நைனா இத்தை வாங்கியாந்தாரு?”

“வாய அடக்கு பத்மா. உளுத்த கட்டைய வச்சிகினு இன்னா பண்றது?”

“நான் சரி பண்றேன். நாலாவது சனிக்கிழமை சுருதியோட கொண்டாறேன். இல்லைன்னா ஏரில போட்டுக்கோ.”

“நீ பல்லு செய்யறவ. உனுக்கு இன்னா தெரியும்?” என்றார் மாசிலாமணி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் தம்பூராவைப் பழைய சேலையில் சுற்றி, அதன்மேல் பாலிதீன் உறை போட்டுக் கட்டி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு பஸ் ஏறினாள். இந்த முறை கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. “ஏமம்மா, லோபல எவரு?” என்று கேட்டார், உள்ளே யார் என்று. “எங்க நைனா” என்றாள் பத்மினி. கண்டக்டர் நகர்ந்துவிட்டார்.

மாசிலாமணி சொன்னது பாதி உண்மை. நாற்பத்தாறு வயது பத்மினி, திருப்பதியில் கொர்லகுண்டா பக்கம் ஒரு பல் லேபில் பத்தொன்பது வருடமாகப் பல்செட் செய்கிறாள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் ஈறு செதுக்கி, பல் அடுக்கி, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். கை சுத்தம், வாய்தான் நெருப்பு. அச்சு சரியில்லாவிட்டால் டாக்டர் என்றும் பார்க்காமல், “இது வாயா, வாய்க்காலா சார்?” என்று போனில் கேட்பாள். அவளைப் போகச் சொல்ல முதலாளிக்கு இரண்டு முறை தோன்றியிருக்கிறது. இரண்டு முறையும் டாக்டர்களே தடுத்துவிட்டார்கள்.

மரம் அவளிடம் வந்தது ஏழு வருடத்துக்கு முன்னால். மனோரமா என்ற வீணை டீச்சர், தன் பல்செட் ஆடுகிறது, பாடும்போது விசில் வருகிறது என்று லேபுக்கே சண்டைக்கு வந்தார். பத்மினியும் விடவில்லை. அரைமணி நேரம் மாற்றி மாற்றிக் கத்திய பிறகு, டீச்சரின் கண் மேசைமேல் இருந்த கருவிகளில் விழுந்தது. முடி போன்ற ஊசிகள், வளைந்த துருவிகள், குட்டி ரம்பங்கள். “என் வீணையில் வண்டு ஓட்டை போட்டிருக்கிறது. தச்சர்கள் மேலே பூசி மூடுகிறார்கள். நீ உள்ளே போவாயா?” என்று கேட்டார். பத்மினி உள்ளே போனாள். சொத்தைப் பல்லில் டாக்டர்கள் என்ன செய்கிறார்களோ அதுதான் இங்கேயும் என்பது அவளுக்கு முதல் நாளே புரிந்தது. சொத்தையைச் சுரண்டி எடு, உயிருள்ளதைக் கொல், இளகியதை இறுக்கு, பிறகுதான் அடை. முதல் மூன்றைச் செய்யாமல் நாலாவதைச் செய்கிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. அதற்குப் பிறகு பதினோரு வீணை பார்த்துவிட்டாள். பஜனைக் கோயிலில் இது யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை, அவர்கள் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, லேப் விடுமுறை. தம்பூராவை மேசைமேல் கிடத்தி, கீழே கறுப்புத் தாள் விரித்து, குடத்தை விரலால் தட்டினாள். தாளில் மாவு விழுந்தது. வெளிர் நிறம், புதுசு. புழு உயிரோடு இருக்கிறது, இப்போதும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினாள். மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, சந்தனம் வந்தது, அடுக்கடுக்காகத் திருமண் வந்தது. எத்தனை வருடப் பூசை! பெரும்பகுதி கழன்ற பிறகு பார்த்தால், ஓட்டைகள் குடம் முழுக்க இல்லை. நெட்டுக்குத்தாக மூன்று பட்டையில் மட்டும், கீழே ஒன்றாகச் சேர்ந்து நின்றன. சுத்தமான நாமம்.

அவள் ஆத்திரத்தோடு போட்டோ எடுத்தாள். சாமி கும்பிடுகிறேன் என்று ஈரத்தைப் பூசிப் பூசி, அந்த மூன்று பட்டையில் மட்டும் பாலிஷைத் தின்னவைத்திருக்கிறார்கள். வெறும் கட்டை தெரிந்த இடத்தில்தான் வண்டு முட்டையிடும். பஜனைக் குழுவின் வாட்ஸப்பில் படத்தைப் போட்டு, கூடவே குரலிலும் திட்டி அனுப்பினாள்: “பாருங்க. கும்புட்டுக் கும்புட்டு இன்னா பண்ணி வச்சிருக்கீங்கன்னு கண்ணத் தொறந்து பாருங்க.”

குரலை யாரும் கேட்கவில்லை. படத்தை எல்லாரும் பார்த்தார்கள்.

முதலில் வந்தது செங்கம்மாவின் கைகூப்பல். செங்கம்மா மாசிலாமணியின் மனைவி. பிறகு நாற்பது கைகூப்பல்கள். பிறகு ‘கோவிந்தா’. சாயங்காலத்துக்குள் படம் நாராயணவனம் வரை போய், தானாகவே நாமம் தரித்த தம்பூரா என்று தெலுங்கில் ஒரு வரியும் சேர்ந்து திரும்பி வந்தது. மாசிலாமணி போன் செய்தார்.

“பத்மா, ஒரு ஓட்டையக்கூட அடைக்காதே.”

“இன்னாது?”

“பெருமாளே போட்டுகினு இருக்காரு. கைய வச்சிடாதே. ஏரிக்கு எல்லாம் போவாது, கண்ணாடிப் பொட்டில வச்சிடலாம். பொட்டிக்கும் ஊர்த்தெருவுல சொல்லிட்டேன்.”

“யாரு, அந்த ஆளா? அப்போ கண்ணாடிலயும் அந்தாளு பேரா?”

“உபயம் பண்றவரு பேர் போடாம?”

“சித்தப்பா, உள்ள புழு கீது. துன்னுகினே கீது. இன்னும் ரெண்டு வருஷத்துல கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒரு படி மாவுதான் இருக்கும்.”

“அதுவும் பிரசாதம்தான்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

போனை மேசைமேல் எறிந்தவள், மிச்சத்தைச் சுரண்ட உட்கார்ந்தாள். அங்கேதான் கை நின்றது. கடைசி அடுக்கு திருமண் மாதிரி பொடியாக உதிரவில்லை. தோல் மாதிரி உரிந்தது. முகர்ந்தாள். முதலுதவிப் பெட்டியில் இருந்த டிங்ச்சர் அயோடினை எடுத்து ஒரு சொட்டு வைத்தாள். பழுப்புச் சொட்டு கருநீலமானது. பிளஸ் டூ படித்த யாருக்கும் தெரியும், அது மாவுச்சத்து.

கஞ்சி.

கலந்தது யார் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அப்போது பத்து வயது. தண்ணீரில் குழைத்த திருமண் காய்ந்ததும் பஜனை நடுவே உதிர்ந்து விழுகிறது, தெருவில் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று நைனா எரிந்து விழுந்தார். பத்மினிதான் அடுப்படிக்கு ஓடி, வடித்த கஞ்சியில் திருமண்ணைக் குழைத்துக் கொண்டுவந்தாள். நாமம் சிமெண்ட் மாதிரி ஒட்டியது. “எம் பொண்ணு மூளைய பாருடா!” என்று நைனா எல்லாரிடமும் காட்டினார். அன்றிலிருந்து முப்பத்தாறு புரட்டாசி, அப்படியேதான். ஈரம் மட்டுமில்லை, தீனியும் சேர்த்துப் பூசியிருக்கிறார்கள். வழி காட்டியவள் அவள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அந்த வாரம் லேபில் எல்லார் மேலும் விழுந்தாள்.

புழுவைக் கொல்ல அவளுக்குத் தெரிந்த நல்ல வழி குளிர். விஷம் ஊற்றினால் மரம் நனையும்; போதாததற்குக் கோயிலில் வைக்கிற பொருள். வீணை என்றால் கழற்றி, துண்டு துண்டாக லேப் ஃப்ரீசரிலேயே வைத்துவிடுவாள். தம்பூராக் குடம் அதில் நுழையாது. சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றின் குளிர்கிடங்கில் அவளுடைய பெரியம்மா மகன் சிரஞ்சீவி வேலை பார்க்கிறான். மைனஸ் பதினெட்டு டிகிரி, பதினான்கு நாள், முட்டை முதல் வண்டு வரை ஒன்றும் மிஞ்சாது. சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்குவது கஷ்டமாக இல்லை. அவருடைய மாமனார் வாயில் இருப்பது பத்மினி செய்த பல்செட். கம்பிகளைத் தளர்த்தி, காற்றுப் புகாமல் மூன்று சுற்று பாலிதீன் கட்டி, செவ்வாய்க்கிழமை பீப்பாய்களுக்கு நடுவே தம்பூராவை நிற்கவைத்தார்கள்.

பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை காலை சிரஞ்சீவி போன் செய்தான்.

“அக்கா, சீக்கிரம் வா. உங்க சித்தப்பா வேன்ல வந்துகீறாரு. மேளம் வேற.”

“மேளமா?”

“மேளம், மாலை, கற்பூரம். வாட்ச்மேன் உள்ள வுடல. அவரும் ரெண்டு தடவை கும்புட்டுட்டாரு, ஆனா வுடல.”

பத்மினி லேபில் சொல்லாமல்கூடக் கிளம்பி சித்தூர் பஸ் பிடித்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குளிர்கிடங்கின் கேட்டுக்கு வெளியே வேன் நின்றது. வேனுக்குள் ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி. அதன் மேல்பலகையில் உபயதாரர் பெயர், சுருதிப் பெட்டியில் இருந்ததைவிடப் பெரிய எழுத்தில். மாசிலாமணி அவளைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

“சாமிய பொணம் மாதிரி ஃப்ரீசர்ல வச்சிருக்கியே, உனுக்கு அறிவு கீதா?”

“பொணம் ஆவக்கூடாதுன்னுதான் வச்சிருக்கேன்.”

“நாளைக்கு மூணாவது சனிக்கிழமை. எட்டு ஊரு ஜனம் வருது. இப்பவே எடுத்தாந்து குடு.”

“இன்னும் நாலு நாளு கீது. இப்ப எடுத்தா பாதி புழு மயக்கம் தெளிஞ்சி எழுந்துக்கும்.”

“புழு புழுன்னு சொல்லாதே! நாமம் போட்டது புழுவா?”

பத்மினி கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். பல்செட் போட்டுக் கொடுக்கிற டப்பா. மூடியைத் திறந்து நீட்டினாள். உள்ளே, பஞ்சின்மேல், அரிசிக் குருணை அளவில் வளைந்து கிடந்தது, சுரண்டியபோது குடத்திலிருந்து விழுந்த ஒரு வெள்ளைப் புழு.

“இதோ. இதுதான் போட்டுச்சி. கற்பூரம் காட்டு.”

மேளக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாசிலாமணி அசையவில்லை.

“புழு துன்னுதுன்னே வச்சிக்கோ. வேற எடத்துல துன்னாம நாமம் மாதிரியே ஏன் துன்னணும்? அதுக்கு பதில் சொல்லு.”

கூட வந்த ஆறு பேரும் தலையாட்டினார்கள். நியாயமான கேள்விதான். பதில் தெரிந்த ஆள் அந்தக் கேட் வாசலில் ஒருத்திதான் இருந்தாள்.

“நான்தான் காரணம்” என்றாள் பத்மினி. ஆத்திரத்தில் வந்த குரல். யார் மேல் ஆத்திரம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. “திருமண்ணுல கஞ்சி கலந்தது நான். பத்து வயசுல. நாமம் உதுருதுன்னு நைனா திட்டினாரு, நான் கஞ்சி ஊத்திக் கொழைச்சேன். ஒட்டிச்சி. அதிலேருந்து வருஷா வருஷம் பாலிஷ் போயி, கட்டை ஊறி, எங்க கஞ்சியோ அங்க புழு. பெருமாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான், நைனா, கஞ்சி.”

“பொய் சொல்றே. அடைக்கிறதுக்கோசரம் பொய் சொல்றே.”

“இல்லியே” என்றாள் செங்கம்மா.

அவள் வேனின் படியில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் திரும்பினார்கள். அவள் புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“கஞ்சி நான்தானே குடுக்கிறேன். போன வருஷம்கூட நீதான் சொம்பு எடுத்தாந்து கேட்டே, கெட்டியா குடுன்னு. நான்கூட கேட்டேன், இது யாரு சொல்லிக்குடுத்த பழக்கம்னு. அண்ணன் பொண்ணுன்னு சொன்னியே.”

மாசிலாமணியின் முகம் கறுத்தது. பெருமாளே போட்ட நாமம் என்று எட்டு ஊருக்கும் தன் வாயால் சொல்லியிருந்தார். கேட்டின் கம்பியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பிறகு திரும்பினார்.

“அப்போ இத்தைக் கெடுத்தவ நீ.”

“நான்தான்.”

“எங்க எல்லாரையும் முட்டாளுன்னு திட்டிகினு, பத்து நாளா இத்தை வயித்துல வச்சிகினு இருந்தியா?”

அவள் புழு டப்பாவை மூடிக் கைப்பைக்குள் போட்டாள்.

“கேட்டுக்கோ” என்றார் மாசிலாமணி. “நாலாவது சனிக்கிழமை அது பேசணும். பேசலன்னா ஏரிதான். நான் போட மாட்டேன், வேற ஆளும் போட மாட்டான். உன் கையால நீ போடு.”

வேன் காலிக் கண்ணாடிப் பெட்டியோடு திரும்பியது.

செவ்வாய்க்கிழமை தம்பூரா வெளியே வந்தது. உறை பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்து, புதன்கிழமை பிரித்துத் தட்டினாள். கறுப்புத் தாளில் கொஞ்சம் பழைய மாவு. மறுபடி தட்டினாள். ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து மூன்று சாயங்காலம் அவள் மேசையை விட்டு எழவில்லை. முடி ஊசியை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு ஆழம் பார்த்தாள். சுரங்கத்திலிருந்த மாவை ஊதி வெளியேற்றினாள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை சிரிஞ்சில் எடுத்து, ஓட்டைக்குச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இளகிப் பஞ்சாகியிருந்த கட்டை அதைக் குடித்துக் குடித்து இறுகியது. நாமத்தின் நடுப்பட்டையில் ஒரு சுண்டுவிரல் நீளம் காப்பாற்ற வழியில்லை. அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதை வெட்டி எடுத்து, வைரம் பாய்ந்த பலாத்துண்டு ஒன்றை அந்தக் குழிக்கு ஏற்றபடி இழைத்துப் பதித்தாள். மற்ற ஓட்டைகளைப் பலாத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து அடைத்தாள். கணக்கு எடுக்கக்கூடாது என்று இருந்தாள்; எடுத்துவிட்டாள். இருநூற்றுப் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் தன்னையே ஒரு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை கம்பி ஏற்றினாள். மீட்டினாள். தம்பூரா பேசியது, கூடவே உள்ளே ஏதோ தகரம் மாதிரி அதிர்ந்தது.

“சனியனே!” என்றாள் தம்பூராவைப் பார்த்து.

கம்பியைத் தளர்த்தினாள். ஊசியின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். நாமத்தின் மூன்று பட்டையும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே சத்தம் வெறுமையாக வந்தது. வெளியே ஓட்டையே இல்லாத இடம். உள்ளே ஒரு பொந்து. மேலே நன்றாக இருக்கிறது என்று அவளும் தச்சர்கள் மாதிரி விட்டுவிட்டிருக்கிறாள். மெல்லிய துளை போட்டு, அரக்கு விட்டு, காயவிட்டு, தூளும் பசையும் திணித்தாள். மறுபடி கம்பி ஏற்றி மீட்டியபோது சுருதி மட்டும் வந்தது. மேலே அரக்கு பாலிஷ், இரண்டு கை.

நாலாவது சனிக்கிழமை காலனி பஜனைக் கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். நாமத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி, பத்மினி ஏரிக்குப் போவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. மாசிலாமணி தம்பூராவை வாங்கி மடியில் வைத்தார். அடைத்த இடங்கள் தெரிந்தன. பதித்த துண்டு மற்ற கட்டையைவிட மஞ்சளாக இருந்தது. விரலால் தடவினார். நான்கு கம்பியையும் ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை மீட்டினார். குடத்தின் கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்திருந்தாள் பத்மினி. அவர் மீட்டி முடித்ததும் தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

“கோவிந்தா!” என்றார் மாசிலாமணி. கூட்டம் திருப்பிச் சொன்னது.

அப்போது செங்கம்மா கிண்ணத்தோடு எழுந்து வந்தாள். குழைத்த திருமண். பழக்கத்தில் கை நேராகக் குடத்துக்குப் போனது.

“சின்னம்மா!”

பத்மினி போட்ட சத்தத்தில் ஜால்ரா நின்றது. செங்கம்மாவின் விரல் தம்பூராவுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. நுனியில் வெள்ளைச் சொட்டு ஒன்று திரண்டு தொங்கியது.

“தண்ணிலதாம்மா கொழைச்சேன். கஞ்சி இல்ல.”

“தண்ணியும் வேணாம். சந்தனமும் வேணாம். ஒண்ணும் வேணாம். கைய எடு.”

“சனிக்கிழமையும் அதுவுமா, கொழைச்ச நாமத்த எங்கடி போடறது?”

மாசிலாமணி தம்பூராவைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். இடது கையால், சுவரோரம் இருந்த மின்சாரச் சுருதிப் பெட்டியைத் தரையோடு தள்ளி மனைவியின் முன்னால் நிறுத்தினார்.

“இதுக்குப் போடு. புழு வராது.”

செங்கம்மா போட்டாள். பெட்டியின் நெற்றியில்தான் இடம் இருந்தது. சிவப்பு எழுத்தின் மீதே மூன்று பட்டையும் இறங்கிப் பெயரை மறைத்தன. மாசிலாமணி மறுபடி மீட்டத் தொடங்கினார். பத்மினி இன்னும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பூராவுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள். பஜனை முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை.